ரேடியோ அக்காவின் ஏழாவது விதி

கண்ணாடிப் பாட்டில் கம்பெனி மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு வேறு தேசத்துக்குப் போனபோது, ஊழியர் குடியிருப்பை மட்டும் கழற்றி எடுத்துப் போக வழியில்லாமல் விட்டுவிட்டுப் போனது. நான்கு மாடி, நாற்பத்தெட்டு வீடு, நடுவில் ஒரு சிமெண்டு முற்றம். “இனி இது உங்கள் பாடு” என்று வாசல் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு மேலாளர் காரில் ஏறினார். முப்பது வருஷத்தில் அந்த மனிதர் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்று குடியிருப்பில் பேசிக்கொண்டார்கள்.

மறுவாரமே குடியிருப்பு தன்னைத் தானே ஆள்வது என்று முடிவு கட்டியது. சுயாட்சிச் சமுதாயம் என்று பெயரும் வைத்தாயிற்று. தலைவராக வந்தவர், கம்பெனியில் வருகைப் பதிவு பார்த்தவர். வாசலில் உட்கார்ந்து யார் யார் ஐந்து நிமிஷம் தாமதம் என்று ஆயுசு முழுக்க எழுதியவர். அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், எல்லாருடைய பெயரும் இருந்த நோட்டு அவரிடம்தான் இருந்தது. செயலாளரானவர் பார்சல் பிரிவில் பெட்டிகளுக்குச் சீட்டு எழுதியவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். என்ன எழுதுகிறோம் என்பதில் அவருக்கு அவ்வளவாக அக்கறை இருந்ததில்லை.

அடிப்படை விதிகள் எழுத உட்கார்ந்தார்கள். முதல் இரண்டு மாதம் முகவுரையிலேயே போயிற்று. “நாம்” என்று தொடங்குவதா, “நாங்கள்” என்று தொடங்குவதா? “நாம்” என்றால் வாசலில் நின்று கேட்கிற பால்காரரும் உள்ளே வந்துவிடுவார் என்றது ஒரு தரப்பு. “நாங்கள்” என்றால் அதில் சேராத நாங்கள் யார் என்று கேட்டது மறு தரப்பு. சொற்குழு ஒன்று அமைந்து பதினோரு முறை கூடியது. கடைசியில் ஆளே இல்லாமல் “இதனால் உறுதி கூறப்படுகிறது” என்று தொடங்கினார்கள். யார் யாருக்கு உறுதி கூறுகிறார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இந்தக் கூத்துக்கெல்லாம் கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்தபடி சாட்சியாக இருந்தவர் குழாய்க்காரர். கம்பெனியில் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்தவர். இப்போது குடியிருப்பின் குழாய்களைப் பார்க்கிறவர். அதிகம் பேசமாட்டார். பேசவேண்டிய அவசியமும் அவருக்கு இருந்ததில்லை, ஏனென்றால் வீட்டில் ரேடியோ அக்கா இருந்தாள்.

ரேடியோ அக்கா அவருடைய மனைவி. குடியிருப்பு வைத்த பெயர் அது. கம்பெனியில் அவளுக்குப் பரிசோதனைப் பிரிவில் வேலை. வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, ஓடுகிற பாட்டில்களில் கீறலும் குமிழும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பேசினால் கண் தவறிவிடும் என்று அந்தப் பிரிவில் மட்டும் பேச்சுக்குத் தடை. எட்டு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது. இருபத்திரண்டு வருஷம் அப்படி இருந்தவள். அந்த எட்டு மணி நேரப் பேச்சையும் கட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் அவிழ்ப்பாள். மாடிப்படி ஏறி வீட்டுக்கு வர ஒரு மணி நேரம் ஆகும். கையில் காய்கறிப் பையோடு ஒவ்வொரு படியிலும் ஒருத்தர் கிடைப்பார்.

விதிகள் எழுதத் தொடங்கிய முதல் கூட்டத்திலேயே அவள் எழுந்து நின்றாள்.

“நான் ஒண்ணு சொல்லட்டா? நாம என்ன நினைக்கிறோம்னு இத்தனை வருஷமா மேலாளர்தான் சொல்லிட்டிருந்தாரு. ‘என் ஊழியர்களுக்குச் சம்பள உயர்வுல ஆசையே இல்ல’ன்னு பேப்பர்காரங்ககிட்ட சொன்னாரே, ஞாபகம் இருக்கா? எனக்கு ஆசை இருந்துச்சுங்க. என்னைக் கேட்டாரா? இனிமே எனக்குப் பதிலா யாரும் பேச வேண்டாம். என் புருஷன்கூடப் பேச வேண்டாம். அவங்கவங்க வாயால அவங்கவங்க பேசட்டும். ஒருத்தர் பாக்கி இருந்தாலும் முடிவு பண்ணாதீங்க, காத்திருங்க. பேசத் தெரியாதவங்களுக்கும் பேச்சு வர்ற வரைக்கும் காத்திருங்க.”

முற்றம் கைதட்டி ஓய ஐந்து நிமிஷம் ஆயிற்று. “என் புருஷன்கூட” என்ற இடத்தில் எல்லாரும் குழாய்க்காரரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுக் கையைத் தூக்கினார். அவருக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அது ஏழாவது விதியாயிற்று. ஒருவருக்காக இன்னொருவர் பேசக்கூடாது; ஒவ்வொரு உறுப்பினரும் தம் வாயால் பேசி முடிக்கும்வரை எந்தத் தீர்மானமும் நிறைவேறாது. செயலாளர் அதைப் பெரிய அட்டையில் எழுதி முற்றத்துச் சுவரில் மாட்டினார். எல்லா விதிகளிலும் அதற்குத்தான் கண்ணாடிச் சட்டம் கிடைத்தது.

தொடர்ந்து ஒன்பதாவது விதியையும் தலைவரே கண் கலங்கக் கொண்டுவந்தார். சபையில் தலையாட்டக் கூடாது. “மேலாளர் முன்னாடி நாம ஆட்டின ஆட்டம் போதும். நானே எவ்வளவு ஆட்டியிருக்கேன்! கழுத்து வலி இன்னும் போகல,” என்றார். ஆமோதித்துத் தலையாட்டிய பதினான்கு பேருடைய பெயர் அன்றே குறிப்பேட்டில் ஏறியது.

குடியிருப்பில் வயது வந்தவர்கள் நூற்றிரண்டு பேர். மாடிப்படி பல்பு மாற்றுகிற தீர்மானத்துக்கு நூற்றிரண்டு பேரும் பேசி முடிக்க ஒன்பது நாள் பிடித்தது. ஒன்பதாவது நாள் பல்பு தானாகவே எரிந்தது. சபையின் முடிவுக்குக் காத்திராமல் எரிந்ததற்காக அதைக் கண்டித்துத் தனித் தீர்மானம் வந்தது. இரண்டாம் மாடியில் குழாய் வெடித்துத் தண்ணீர் படியிறங்கியபோது, பழுது பார்ப்பதைப் பற்றிய விதி இன்னும் எழுதப்படவில்லை என்று குழாய்க்காரரை முற்றத்திலேயே நிறுத்தினார்கள். அவர் சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தார். மறுநாள் சபை அவருக்கு ஒரு நன்றிக் கடிதமும் ஒரு எச்சரிக்கைக் கடிதமும் ஒரே உறையில் வைத்துக் கொடுத்தது. ரேடியோ அக்கா இரண்டையும் முற்றத்தில் உரக்கப் படித்துக் காட்டினாள். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது.

“போகட்டும் விடுங்க. மெதுவா நடந்தாலும் நம்ம காலால நடக்கறோம்ல,” என்றாள் அன்று வீட்டுக்கு வந்ததும். அவளுக்கு அந்தச் சபை மேல் அப்படி ஒரு பிரியம்.

அடுத்த மாதம் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டே பக்கத்து வீட்டுச் சேதியைச் சொல்லிக்கொண்டிருந்தவள் பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள். அவள் பேச்சைப் பாதியில் நிறுத்திக் குழாய்க்காரர் பார்த்ததில்லை. அதனாலேயே பயந்து ஓடிப் பார்த்தார். குழாயடியில் கிடந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வர மூன்று வாரம் ஆயிற்று. வலது கை, வலது கால் இரண்டும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. “எல்லாம் புரியும். நினைக்கறதும் சரியா நினைப்பாங்க. வார்த்தை மட்டும் வெளியில வராது. வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்,” என்றார் டாக்டர். குழாய்க்காரர் அவளை முதுகில் சுமந்து மூன்று மாடி ஏறினார். ஏறும்போது ஒவ்வொரு படியிலும் ஒருவர் நின்று விசாரித்தார். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். வீட்டுக்குப் போவதற்குள் அவருடைய சட்டைத் தோள் நனைந்திருந்தது.

தரைத்தளத்தில் காவலாளி வீடு பூட்டிக் கிடந்தது. கம்பெனியோடு காவலாளியும் போய்விட்டார். அந்த வீட்டு வாசலே முற்றம்தான். மூன்றாம் மாடி வீட்டைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டால், சக்கர நாற்காலியை வாசலுக்குத் தள்ளிவிடலாம். காற்றுப் படும், நாலு முகம் பார்ப்பாள். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான். வாழ்நாளில் முதல்முறையாக அவர் ஒரு விண்ணப்பம் எழுதினார்.

சபை அதை எடுத்துக்கொண்டது. ஒருத்தர்கூட எதிர்க்கவில்லை. நாலு நாளில் நூற்றியொரு பேர் பேசினார்கள். பேசியவர்களில் பாதிப் பேர் அழுதார்கள். குழாய்க்காரரும் தன் முறை வந்தபோது எழுந்து, “கொடுத்தா நல்லா இருக்கும்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தீர்மானம் நிறைவேறினால் அடிக்கிற மணியின் கயிற்றைச் செயலாளர் கையில் பிடித்திருந்தார். ஆனால் அடிக்கவில்லை.

“இன்னும் ஒருத்தர் பேசலையே,” என்றார் தலைவர், நோட்டில் விரலை வைத்து.

“அவளுக்குப் பேச்சு வராதுங்க. அதுக்காகத்தானே வீடே கேக்கறேன்,” என்றார் குழாய்க்காரர்.

“அதுதாங்க எங்களுக்கு நெஞ்சை அடைக்குது. அவங்க பேசாம நாங்க முடிவு பண்ணா, அவங்களுக்குப் பதிலா நாங்க பேசின மாதிரி ஆயிடும். அது யார் கொண்டுவந்த விதி? அவங்க கொண்டுவந்தது. ஒருத்தங்க நோயில கிடக்கற நேரம் பார்த்து அவங்க விதியை மீறுவோமா? நாங்க மனுஷங்க இல்லையா?”

முற்றம் கைதட்டியது. குழாய்க்காரரின் பக்கத்தில் நின்றவர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

“கேட்டா தலையாட்டுவா. கண்ணை மூடித் திறப்பா. நீங்களே வந்து கேட்டுப் பாருங்க.”

“தலையாட்டறதா?” தலைவருக்குக் குரல் தழுதழுத்தது. “குழாய்க்காரரே, ஒன்பதாவது விதியை மறந்துட்டீங்களே. மேலாளர் காலத்துக்கு எங்களைத் திருப்பி அனுப்பாதீங்க.”

“அப்ப ஏழாவது விதியைக் கொஞ்சம் மாத்துங்க.”

“மாத்தலாம்,” என்றார் செயலாளர் சந்தோஷமாக. “தாராளமா மாத்தலாம். அதுக்கும் எல்லாரும் வாயால பேசணும், அவ்வளவுதான்.”

கடைசியில் தலைவருக்கே ஒரு வழி தோன்றியது. ரேடியோ அக்காவைச் சபைக்கு எடுத்து வருவது. அவளுக்குப் பேச்சு வரும்வரை விதிப்படி காத்திருப்பது. தீர்மானம் போட வழியில்லாததால் தலைவரின் வேண்டுகோள் என்று அதைப் பதிவு செய்தார்கள். நான்கு பேர் முன்வந்தார்கள். அவர்களுடைய கையில் நீலப் பட்டை கட்டி, சபைத் தாங்கிகள் என்று பெயர் கொடுத்தார்கள்.

மறுநாள் நாலு மணிக்கு அவளை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். முற்றம் எழுந்து நின்றது. அவள் இடது கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தலைவர் நோட்டைத் திறந்து வரிசையாக அழைத்து வந்தார். “மூன்றாம் மாடி, பத்தாம் கதவு, இரண்டாம் உறுப்பினர்!” என்றதும் அவள் முகவாய் நிமிர்ந்தது. வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. நூற்றியொரு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் காத்திருந்தார்கள். காற்றுதான் வந்தது. சபை மறுநாள் நாலு மணிக்கு ஒத்திவைக்கப்பட்டது.

இப்படியே தினமும் நடந்தது. இதில் குழாய்க்காரர் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. மூன்று மணி ஆனால் அவள் கடிகாரத்தைக் காட்டுவாள். பிறகு சீப்பைக் காட்டுவாள். அவர் தலைவாரி விடுவார். வாரியது சரியில்லை என்றால் இடது கையால் கலைத்துவிட்டு மறுபடி சீப்பை நீட்டுவாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம் சுவரையே பார்த்துக் கிடந்தவள், இப்போது வாசலில் சபைத் தாங்கிகளின் காலடி கேட்டதும் சிரித்தாள். வீடு கிடைக்காவிட்டால் போகிறது, இந்தச் சபை இப்படியே முடிவெடுக்காமல் கிடக்கட்டும் என்று குழாய்க்காரர் மனதுக்குள் வேண்டத் தொடங்கினார். எந்த அரசாங்கத்திடமும் ஒரு குடிமகன் இவ்வளவு எளிதான கோரிக்கையை வைத்திருக்க மாட்டான்.

ஆறாம் நாள் அவள் இருமினாள். உடனே அது பேச்சா இல்லையா என்று சொற்குழு கூடியது. பேச்சுத்தான் என்று மூன்று பேரும், தொண்டைச் சளி என்று இரண்டு பேரும் சொன்னார்கள். பேச்சு என்றால் ஆதரவா எதிர்ப்பா என்ற கேள்வி எழுந்தது. இருமலில் ஒரு கசப்பு தெரிந்ததாக ஒருவர் சொன்னார். இரண்டு நாள் விவாதித்துவிட்டு, மறுபடி ஒருமுறை இருமிக் காட்டும்படி அவளைக் கேட்டுக்கொண்டார்கள். அவள் குழாய்க்காரரைப் பார்த்தாள். அவள் கண்ணில் பழைய குறும்பு தெரிந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சபையில் சிரித்ததற்காக அவர் பெயரும் குறிப்பேட்டில் ஏறியது.

முதலாம் மாடிப் பாட்டு டீச்சர் வந்து “ஆ” சொல்லச் சொல்லிப் பழக்கினார். அவள் விடாமல் முயன்றாள். காலையில் அடுப்படியில் குழாய்க்காரர் வேலையாக இருக்கும்போது, உள்ளே தனியாக அவள் தொண்டையைத் திறந்து திறந்து பார்க்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் அவருக்குக் கை ஓடாது. பாத்திரத்தை வைத்துவிட்டு அப்படியே நிற்பார்.

ஒரு மாதத்துக்கு மேல் போயிற்று. வேறு எந்தத் தீர்மானத்துக்கும் அவள் பேசித்தான் ஆகவேண்டும் என்பதால், நாற்பத்தொரு தீர்மானங்கள் வரிசையில் நின்றன. தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்தது. படியில் கைப்பிடிக் கம்பி உடைந்து கிடந்தது. முற்றத்தில் அவளை இறக்கும்போது எழுந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தபடியே இருக்கத் தொடங்கினார்கள். பிறகு சில பேர் கொட்டாவி விட்டார்கள். ஒருநாள் கால் மணி நேரக் காத்திருப்பின் நடுவில், இரண்டாம் மாடித் தையல்காரம்மா சத்தமாகவே சொல்லிவிட்டாள். மாடிப்படியில் ரேடியோ அக்காவோடு அதிக நேரம் நின்று பேசியவள் அவள்தான்.

“அக்கா, ஏதாவது ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்! தொட்டித் தண்ணியைக் குடிச்சு எங்க வீட்ல எல்லாருக்கும் வயித்தால போகுது.”

அக்கா வாயைத் திறந்தபடியே அவளைப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள். தையல்காரம்மா தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அவள் வீட்டிலும் நோயாளிகள் இருந்தார்கள், அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அன்று ரேடியோ அக்கா சாப்பிட மறுத்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை செயலாளர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு காகிதமும் மை டப்பாவும் இருந்தன. அவளுக்கு வணக்கம் சொன்னார், நலம் விசாரித்தார், பிறகு குழாய்க்காரருக்கு மட்டும் சொல்வதுபோல அவளுக்கும் கேட்கும்படி பேசினார்.

“தூக்கறவங்க திங்கட்கிழமையோட நிறுத்திக்கறாங்க. ஒருத்தருக்கு இடுப்பு பிடிச்சிருச்சு. குத்தம் சொல்ல முடியாது. அதனால ஒரு வழி பார்த்திருக்கோம். பதினஞ்சாவது விதி. உறுப்பினர் யாராவது விலகணும்னா எழுத்து மூலமா தெரிவிச்சா போதும். பேசறதுக்கு வாய் வேணும், விலகறதுக்கு விரல் போதும்.”

குழாய்க்காரர் காகிதத்தைப் படித்தார். சொந்த விருப்பத்தின் பேரில், முழு மனதோடு, சமுதாயத்தின் நலன் கருதி என்றெல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தது.

“அவ ஆரம்பிச்ச சபைங்க இது.”

“அதனாலதான் சும்மா அனுப்பிடல. மூல உறுப்பினர்னு பட்டம் கொடுக்கறோம். படம் மாட்டறோம். சபைக் கணக்குல மட்டும் அவங்க பேரைச் சேர்க்க மாட்டோம், இனி நூத்தியொரு பேர், அவ்வளவுதான். நாளைக்கே உங்களுக்குக் கீழ் வீடு. சாவியைக் கொண்டுவந்திருக்கேன் பாருங்க.”

சாவியை மேஜையில் வைத்தார். குழாய்க்காரர் அதைப் பார்த்தார். திங்கட்கிழமைக்குப் பிறகு இந்த நாலு சுவருக்குள் அவள் கிடக்கப் போவதை நினைத்தார். அவருக்கும் ஐம்பத்தெட்டு வயது. முதுகில் சுமந்து மூன்று மாடி இறங்கி ஏற எத்தனை நாள் முடியும்? அவள் கட்டிலின் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

“கீழ் வீடும்மா. வாசல்லயே முற்றம். தினமும் உக்காரலாம். இதுல ஒரு ரேகை மட்டும் வெச்சுட்டா போதும்.”

அவள் அவரையே பார்த்தாள். இடது கையை மெதுவாக நெஞ்சுக்குக் கொண்டுபோய் விரல்களை மடக்கிக்கொண்டாள். கட்டை விரல் உள்ளே போய்விட்டது.

“ஒரு விரல் காட்டும்மா. எனக்காக.”

அவர் மெல்ல ஒரு விரலைப் பிரிக்கப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் ஓடுகிற பாட்டில்களைப் பிடித்துத் திருப்பிய கை அது. பிரியவில்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் காதோரம் இறங்கியது. அவரும் அழுதார். செயலாளர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, நாகரிகமாகத் தொண்டையைச் செருமினார்.

“எந்தக் கைன்னு விதியில சொல்லலைங்க.”

வலது கை போர்வைக்கு மேல் கிடந்தது. அதற்கு மறுக்கத் தெரியாது. குழாய்க்காரர் அதை எடுத்தார். கனமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது. கட்டை விரலை மையில் தோய்த்து, காகிதத்தில் வைத்து அழுத்தினார். ரேகை நன்றாக விழுந்தது. யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதிலாக அன்று அவர் பேசிவிட்டார், வாயைத் திறக்காமலே. செயலாளர் காகிதத்தை ஊதி உலர்த்திக் கோப்புக்குள் வைத்துக்கொண்டு, “உடம்பைப் பார்த்துக்கங்க,” என்று அவளிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். ஈரத் துணியால் அந்த விரலைக் குழாய்க்காரர் துடைத்தார். மை முழுவதும் போகவில்லை.

அன்று மாலையே சபை கூடியது. மூல உறுப்பினரின் தன்னலமற்ற முடிவைத் தலைவர் முக்கால் மணி நேரம் பாராட்டினார். “தன் குரலையே இந்தச் சமுதாயத்துக்குக் கொடுத்துட்டாங்க! அவங்க விதியை மாத்தாம, ஒரு எழுத்துகூட மாத்தாம, நாங்க கட்டிக் காப்பாத்தியிருக்கோம். மேலாளர் காலத்துல இப்படி ஒரு மரியாதை ஒரு ஊழியருக்குக் கிடைச்சிருக்குமா?” கிடைத்திருக்காது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். இத்தனை நாள் பழக்கத்தில் ஆளுக்கு ஒரு சொல்லில் பேசி முடித்தார்கள். குழாய்க்காரரின் முறை வந்தபோது அவர் “சரி” என்றார். “குழாய்க்காரர் உள்ளம் நெகிழ்ந்து வரவேற்றார்” என்று செயலாளர் எழுதிக்கொண்டார். மணி அடித்தது. கீழ் வீடு, தொட்டி சுத்தம், கைப்பிடிக் கம்பி, எல்லாம் அன்றே நிறைவேறின. மணி அடித்து அடித்துக் கயிறு அறுந்து, புதுக் கயிறு வாங்குவதும் அன்றே நிறைவேறியது.

இரண்டு நாளில் வீடு மாறினார்கள். சாமான்களைத் தூக்க முற்றமே வந்தது. தையல்காரம்மா தலையணைக்குப் புது உறை தைத்துக் கொண்டுவந்து, அக்காவின் காலடியில் உட்கார்ந்து வெகுநேரம் ஏதேதோ பேசினாள். அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் மூன்று மணிக்கு அவள் கடிகாரத்தைக் காட்டவில்லை. அவராகவே சீப்பை எடுத்து வாரிவிட்டார். கோணலாகத்தான் வந்தது; அவள் கலைக்கவில்லை. நாலு மணிக்கு நாற்காலியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். கதவைத் திறந்தால் முற்றம். வெயில் தாழ்ந்து இதமாக இருந்தது. எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு நாள் ஆசை இது என்று அவருக்கு மனசு நிறைந்தது. வாசற்படிக்கு ஒரு அடி முன்னால் நாற்காலி நின்றுவிட்டது. அவள் இடது கையால் சக்கரத்தைப் பிடித்திருந்தாள்.

“என்னம்மா? காத்து நல்லா வருது பாரு.”

வெளியே தலைவர் வரிசையாக அழைத்துக்கொண்டிருந்தார். தரைத்தளத்திலிருந்துதான் தொடங்குவார்.

“தரைத்தளம், காவலாளி வீடு, ஒரே உறுப்பினர்!”

அப்போதுதான் குழாய்க்காரருக்கு உறைத்தது. காற்றும் வெயிலும் நாலு முகமும் வேண்டும் என்று அவள் எப்போது கேட்டாள்? அவர்தான் அப்படி நினைத்துக்கொண்டார். தினமும் தலைவாரிக்கொண்டு அவள் இறங்கியது, அந்த நோட்டிலிருந்து தன்னை ஒருவர் கூப்பிடுவதைக் கேட்பதற்கு. கூப்பிட்டுவிட்டு நூறு பேர் தனக்காகக் காத்திருப்பதற்கு. இதை ஒரு வார்த்தை அவளிடம் கேட்டிருக்கலாம். கண்ணை மூடித் திறந்து அவளே சொல்லியிருப்பாள். தலையாட்டக் கூடாது என்ற விதி வீட்டுக்குள் இல்லையே.

“காவலாளி வீடு, ஒரே உறுப்பினர்!” தலைவர் குரலை உயர்த்தினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பதில் சொல்லாமல் சபை தொடங்காது.

“இருக்கேன்,” என்றார் குழாய்க்காரர்.

அவள் சக்கரத்தைப் பின்னால் இழுத்தாள். ஒற்றைக் கையால் இழுத்தால் நாற்காலி பின்னால் போகாது, சுற்றத்தான் செய்யும். இழுத்தாள், மூச்சு வாங்கினாள், மறுபடி இழுத்தாள். உதவி செய்யவும் தடுக்கவும் தோன்றாமல் அவர் நின்றார். கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலி சுற்றி, முற்றத்துக்கு முதுகைக் காட்டி நின்றது. அவர் குனிந்து, நாற்காலியில் அணைவாக வைத்திருந்த தலையணை மேல் கிடந்த அவளுடைய வலது கையை எடுத்து மடியில் சரியாக வைத்தார். பிறகு கதவைச் சாத்தினார். வெளியே முதல் உறுப்பினர் பேச எழுந்திருந்தார்.